கையைப் பிடிக்காதீர்கள், மாப்பிள்ளை

மாப்பிள்ளை இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். நேரில் சொன்னால் "சரி மாமா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவனுக்கு அதுதான் கைவந்த வழி.

இதைப் படிக்கும் புதுச்சேரி நண்பர்களில் பாதிப் பேருக்குப் பிரான்சில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிறார்கள். என் பெண் இருப்பது பெசன்சோனில். அங்கிருந்து காரில் அரை மணி போனால் ஒர்னான் என்ற சிற்றூர். லூ என்ற ஆறு வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு ஓடுகிறது. கூர்பே என்ற பெரிய ஓவியர் பிறந்த ஊர் அது. தூண்டிலில் மாட்டிய ட்ரவுட் மீன் ஒன்றை 1872இல் அவர் வரைந்திருக்கிறார். அந்த மீனின் கண்ணைப் பார்த்தால் நமக்கே வாய் வலிக்கும்.

அந்த ஆற்றில் ட்ரவுட்டை ஈத்தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள். இறகு, முடி, நூல் இவற்றைச் சின்ன முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரி செய்து தண்ணீர்மேல் விழவைப்பது. நம் அரியாங்குப்பம் ஆற்றில் வீசுவலை வீசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வலையில் ஈயக்குண்டு இருக்கிறது, அந்தக் கனம் வலையை விரித்துக்கொண்டு போகிறது. சாதாரணத் தூண்டிலிலும் அப்படித்தான், குண்டு முன்னால் பறக்கும், நூல் பின்னால் போகும். ஈத்தூண்டிலில் தலைகீழ். ஈக்குக் கனமே இல்லை. கனமெல்லாம் நூலில். ஐந்தாம் எண் நூல் என்றால் அதன் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம். அந்த ஒன்பது கிராமைத்தான் நாம் வீசுகிறோம், ஈ சும்மா கூடவே போகிறது. நூலை அங்கே "சுவா" என்பார்கள், பட்டு என்று அர்த்தம். பட்டு நூல் வழக்கொழிந்து இப்போது பிளாஸ்டிக் பூசிய நூல்தான், பெயர் மட்டும் பட்டாகவே இருக்கிறது.

போன வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பேரனுக்குப் பதினொரு வயது. மாப்பிள்ளை அவனுக்கு 9 அடிக் கோல் ஒன்று வாங்கிக் கொடுத்து, அன்றைக்கே ஆற்றில் இறக்கிவிட்டார். முழங்கால் தண்ணீர். முள்ளோடு ஈ. பின்னால் வரிசையாக மரங்கள். இவர் பையனின் முதுகோடு ஒட்டி நின்று அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பத்து மணி, இரண்டு மணி, பத்து மணி, இரண்டு மணி" என்று கோலை ஆட்டினார். பிறகு கையை விட்டுவிட்டு, "நீ போடு" என்றார். முதல் ஈ மரத்தில். இரண்டாவது ஈ மரத்தில். "பலமா வீசுடா!" என்று ஒரு சத்தம். மூன்றாவது, பையனின் காதுக்கு இரண்டு விரற்கடை கீழே சட்டைக் காலரில் மாட்டியது. அவன் கோலைக் கூழாங்கல்லின் மேல் மெதுவாக வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். நான் பக்கத்தில் போனதும், "இதற்கான கை எனக்கு இல்லை தாத்தா" என்று பிரெஞ்சில் சொன்னான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கை இல்லாமல் போய்விட்டது. யார் எடுத்தது?

முதலில் அந்தக் கடிகாரக் கணக்கு. இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நார்மன் மக்லீன் என்ற அமெரிக்கர் 1976இல் எழுதிய கதையை 1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் படமாக எடுத்தார். அதில் பாதிரியாரான அப்பா, சங்கீதக்காரர்கள் வைத்திருக்கும் தாளக் கருவியை வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு வீச்சு, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தினால் நூல் ஒரு வளையமாகச் சுருண்டு பின்பக்கம் விரியும். அது விரிந்து முடியும் வரை காத்திருந்து முன்னால் வீசவேண்டும். 15 அடி நூல் சீக்கிரம் விரியும், 40 அடி நூலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். நூல் நீளமானால் கை போகும் தூரமும் கூடவேண்டும். நீளத்துக்கு நீளம் மாறுகிற ஒன்றை மாறாத தாளத்தில் எப்படி அடைப்பது? அமெரிக்காவிலேயே லெஃப்டி க்ரே என்ற பேர்பெற்ற ஆசான் இந்தக் கடிகாரமே வேண்டாம் என்று கடைசிவரை வாதாடியவர். அந்தக் காலத்தில் இதைவிட மோசமாக, முழங்கை அசையக்கூடாது என்று அக்குளில் புத்தகத்தை இடுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களாம். புத்தகத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

அடுத்தது "பலமா". பையன் பலமில்லாததால் தோற்கவில்லை. பின்னால் நூல் விரியும் முன்பே முன்னால் இழுத்துவிட்டான், அவ்வளவுதான். அப்படி இழுத்தால் சாட்டை மாதிரி "சடக்" என்று சத்தம் வரும், சில சமயம் ஈயே அறுந்து போகும். அப்போது "பலமா" என்று சொன்னால் அவன் இன்னும் சீக்கிரம் இழுப்பான். நோய்க்கு மருந்து என்று அதே நோயைக் கொடுக்கிறோம்.

ஆனால் என் பெரிய சண்டை அந்தக் கையோடுதான். நூல் பின்னால் முழுக்க விரிந்ததும் கோலின் நுனியை ஒரு சின்ன இழுப்பு இழுக்கும். குழந்தை வேட்டியின் முனையைப் பிடித்து இழுப்பதுபோல, அவ்வளவே. "இப்போது வீசு" என்று சொல்வது அந்த இழுப்பு. அதைத் தவிர இந்த வித்தைக்கு வேறு வாத்தியார் இல்லை. மாப்பிள்ளை மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த இருபது நிமிடமும் பையன் உணர்ந்தது அப்பாவின் கையை. கோலை அவன் உணரவே இல்லை. கையை எடுத்ததும் அவனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"நானும் இப்படித்தான் கற்றுக்கொண்டேன்" என்பார் மாப்பிள்ளை. இருக்கலாம். அவர் கற்றுக்கொண்டது அந்த முறையாலா, அந்த முறையையும் மீறியா என்று அவருக்கே தெரியாது. நன்றாக வீசுகிறார், ஒப்புக்கொள்கிறேன். நன்றாக வீசுகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வரும் என்று யார் சொன்னது?

"மீன் குழம்பு சாப்பிடுகிறவருக்கு ஈத்தூண்டிலைப் பற்றி என்ன தெரியும்" என்று நீங்கள் கேட்கலாம். என் அறுபத்தெட்டாவது வயதில், அதே பெசன்சோனில், பெண் வீட்டுக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலில் ஓர் அம்மாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தண்ணீரே கிடையாது, புல்தரை. முள்ளும் கிடையாது, நூலின் நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூல். கோலின் நுனியைப் புல்வரை தாழ்த்தி, தொய்வை எடுத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார். தலையைத் திருப்பிப் பின்னால் போகும் நூலைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "அத்தாந்தே". பொறுங்கள். நான் எத்தனை முறை கெடுத்தாலும் அந்த அம்மாள் என் கோலைத் தொடவில்லை.

எனக்குப் பள்ளி ஞாபகம் வந்தது. பிரெஞ்சு வகுப்பில் சொல்வதெழுதுதல். எங்கள் ஆசிரியர் ஒரு சொற்றொடரைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசிப் பெஞ்சில் கடைசிப் பேனா தாளைவிட்டு எழும்பிய பிறகுதான் அடுத்த சொற்றொடர். எங்கள் நோட்டை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

இவ்வளவு நன்றாகக் கற்பிக்கப்பட்ட நான் என்ன செய்தேன்? 1991இல் என் பிரிவுக்கு எல்.டி.சி.யாக ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. அவள் வரைவு எழுத ஆரம்பித்து இரண்டாவது பத்தியில் நின்றால் போதும், "கொடும்மா இங்கே" என்று கோப்பைப் பிடுங்கி நானே முடித்துவிடுவேன். மூன்று வருடம். வேறு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போய் அவள் திண்டாடியதைப் பிறகு கேள்விப்பட்டேன். என் பணி ஓய்வு விழாவில் அவளும் பேசினாள். "சார் எங்களுக்கு ஒரு கஷ்டமும் வைக்கமாட்டார், எல்லாவற்றையும் அவரே எழுதிவிடுவார்." எல்லோரும் கை தட்டினார்கள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குப் போட்ட மாலை கழுத்தில் அரித்தது.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள்மேல் மட்டும் கோபம் இல்லை.

மறுநாள் காலை, பெண்ணின் தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு, குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் புல்தரைக்குப் போனேன். பையன் வரமாட்டேன் என்றான். நான் தனியாக வீசினேன். மோசமாகத்தான் வீசினேன். அரை மணியில் அவனே இறங்கி வந்தான். கோலைக் கொடுத்துவிட்டு நான் பெஞ்சில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயதிலும் கை துறுதுறு என்கிறது, பிடுங்கத்தான் பார்க்கிறது. முதல் நாள் நூல் அவன் கழுத்தைச் சுற்றியது. இரண்டாம் நாளும் அதே. நான்காம் நாள் காலை, கோல் பின்னால் நின்றது, சிவப்பு நுனி புல்லுக்குமேல் நேராகப் போய் நின்றது, அவன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "தாத்தா, இழுத்தது!"

மாடியில் மாப்பிள்ளை காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். இறங்கி வரவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இதுவரை சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் மறுபடி வருகிறேன். ஆற்றுக்குப் போகலாம். நீங்கள் கால்சட்டைப் பையில் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு வாருங்கள், மாப்பிள்ளை. சிவப்பு நூலை நான் கொண்டுவருகிறேன்.