எழுபது வளைவுகளும் இரண்டு வண்டிகளும்

கொல்லிமலைக்கு எந்த வண்டியில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். வீட்டோடு போனால் இன்னோவா. ஓட்டுகிற ஆசைக்காகவே போனால், நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளே இதற்குக் காரணம்.

ஹெரால்டு நம்ம சென்னையில் 1961 முதல் தயாரான கார். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. இங்கிலாந்தில் இதே காரின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 948 சிசி இன்ஜினில் வேகம் பெரிதாக வராது. ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். இன்னோவா கிரிஸ்டாவுக்கு அதற்கு 35 அடி வேண்டும். கொண்டை ஊசியில் அந்தப் பத்தடி வித்தியாசம் ஓட்டுபவரின் கைக்கு உடனே தெரியும்.

ஹெரால்டு ஓட்டுபவரைக் கண்டிக்கவும் செய்யும். அதன் பின்அச்சு அமைப்பு அப்படி. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கிப் பிடியை இழக்கும்; வண்டியின் பின்புறம் ஒதுங்கும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, உள்ளே நுழைந்தபின் சீராக மிதிக்க வேண்டும். மலைப்பாதையில் ஓட்டும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை.

இன்னோவா இந்தப் பாடத்தைக் கேட்காது. அதன் 2.4 லிட்டர் டீசல் இன்ஜினின் 150 குதிரைத்திறன், ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் திணறாமல் மேலே இழுக்கும். பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் உண்டு. ஹெரால்டில் இவை எதுவும் கிடையாது. மலைமேல் கோயில் கொண்ட அறப்பளீஸ்வரரைப் பார்க்க ஆசைப்படும் பாட்டியையும் கைக்குழந்தையையும் அதில் ஏற்றிச் செல்ல நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இன்னோவாவிலும் மூன்றாவது வரிசையில் கவனம் தேவை. பின்சக்கரத்தை ஒட்டிய அந்த இருக்கையில் ஆட்டம் அதிகம், முன்னால் சாலையும் தெரியாது. பத்தாவது வளைவுக்குள் பிள்ளைகளுக்குக் குமட்டிவிடும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்களை முன்னால் உட்கார வையுங்கள்.

ஆக, குடும்பத்துக்கு இன்னோவாதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹெரால்டு கற்றுத்தரும் ஒழுங்கை இன்னோவாவுக்குள்ளும் கொண்டு வாருங்கள். சொகுசு கூடக்கூட வேகம் தெரியாமல் போகிறது. இறங்கும்போது பிரேக்கையே நம்பி மிதித்தபடி வருபவர்களின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருவதை இந்தச் சாலையில் பல முறை முகர்ந்திருக்கிறேன். இது மிளகும் காபியும் அன்னாசியும் கீழே இறங்கும் பாதை. மலைமேல் உள்ள செம்மேட்டுக்காரர்கள் அவசரத்துக்கு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வரும் பாதை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடாதீர்கள். மேலேறி வரும் வண்டிக்கு முதலில் வழிவிடுங்கள். சாலை விதியும் அதைத்தான் சொல்கிறது.