ஒரே சாவி, லட்சம் பூட்டு! கேமரா விற்றவனைக் கேட்பார் இல்லையா?

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் காலை 7 மணி.

டுவிட்டர் திறக்கவில்லை. நெட்பிளிக்ஸ் திறக்கவில்லை. பணம் அனுப்பும் பேபால் மக்கர் செய்தது. அந்தந்தக் கம்பெனிக்காரர்கள் பதறிப்போய்ப் பார்த்தால், அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. கோளாறு வேறு இடத்தில்!

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் 'டைன்' என்று ஒரு கம்பெனி. டெலிபோன் நம்பர் கேட்க 197 சுற்றிய காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்டர்நெட்டில் அந்த வேலை பார்த்த கம்பெனி அது. பெயரைச் சொன்னால் நம்பர் கொடுக்கும். நம்பர் கிடைக்காவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அன்று அங்கே பொய் விசாரணைகள் வெள்ளமாய் வந்து குவிந்தன. நிஜமாகக் கேட்டவனுக்கு லைன் கிடைக்கவில்லை. சுமார் 2 மணி நேரத்தில் சரி செய்தார்கள். மதியம் மறுபடியும் அடி!

காவல்காரனே கூட்டு

அடித்தது யார்? திருடனைப் பிடிக்க மாட்டி வைத்த கேமராக்களும், அந்தப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டிகளும், வீட்டு ரூட்டர்களும்தான்! 1 லட்சம் வரை இருக்கலாம் என்று டைன் கணக்குச் சொன்னது.

வித்தை ரொம்ப லேசு. 'மிராய்' என்று ஒரு புரோகிராம். அதன் கையில் 60 சொச்சம் பாஸ்வேர்டுகள், அவ்வளவுதான். 'அட்மின்', '12345' என்று பேக்டரியிலேயே போட்டு அனுப்பியவை. உலகம் பூராவும் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்த கேமரா எல்லாம் அதன் அடியாள். கேமராவில் படம் வழக்கம்போல ஓடும். சொந்தக்காரருக்கு எதுவுமே தெரியாது.

"பாஸ்வேர்டை மாற்றாதது வாங்கியவன் குற்றம்" என்று சிலர் நியாயம் பேசினார்கள். பேசுவது சுலபம். பல பெட்டிகளில் உள்ளே இன்னொரு பாஸ்வேர்டு புதைத்து வைத்திருந்தார்கள். வாங்கியவர் தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற முடியாது! அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும். சில நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும். ஊர் பூராவும் ஒரே சாவியில் திறக்கிற பூட்டை விற்றுவிட்டு, திருட்டுப் போனதும் வீட்டுக்காரனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

எல்லாம் விளையாட்டுக்கு!

மிராயை எழுதியவர்கள் 20, 21 வயதுப் பையன்கள் 3 பேர். 'மைன்கிராப்ட்' விளையாட்டு நடத்துகிற போட்டிக்காரர்களைப் படுக்க வைக்கத்தான் இத்தனை பாடு. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சிறை இல்லை, 5 ஆண்டு கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூக சேவையும்தான் தண்டனை. புரோகிராமை ஊருக்கெல்லாம் அவிழ்த்து விட்டவர்களும் அவர்களே. டைன் மேல் அதை ஏவியது வேறு ஆள். சோனி கம்பெனியின் விளையாட்டுத் தளத்தைக் கவிழ்க்கப் போய் எல்லாவற்றையும் கவிழ்த்த அந்த ஆசாமிக்கு அப்போது 18 வயதுகூட ஆகவில்லை!

பையன்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள். ஒரே சாவியில் விற்றவர்கள்?

கலிபோர்னியாவில் 2020 ஜனவரியில்தான் இதற்குச் சட்டம் அமலானது. பெட்டிக்குப் பெட்டி தனி பாஸ்வேர்டு வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் தானே ஒன்று வைத்த பிறகுதான் பெட்டி ஓட வேண்டும். பிரிட்டன் இன்னும் மெதுவாக, 2024 ஏப்ரல் 29-ல் விழித்தது. ஆனால் அங்கே அபராதம் கொஞ்சம் உறைக்கும்: 1 கோடி பவுண்டு, அல்லது உலகம் பூராவும் வரும் வருமானத்தில் 100-க்கு 4. இதில் எது பெரிசோ, அதுவரை போடலாம்.