யாருக்கான காப்புறுதி?



ஸ்காபரோவில் முதல் வீடு வாங்கிய வாசகர் ஒருவர் போன மாதம் பேசினார். "மோர்ட்கேஜுக்கு இன்சூரன்சும் கட்டியாச்சு அண்ணை. இனி எனக்கு ஒண்டு நடந்தாலும் பிள்ளையளுக்கு வீடு நிக்கும்." அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லைதான். ஆனால் அவர் கட்டியது வங்கியைக் காக்கும் காப்புறுதி.

கனடாவில் வீட்டு விலையில் 20 வீதத்துக்குக் குறைவாக முற்பணம் போட்டால் இந்தக் காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் தராது. நாம் தவணை கட்டாமல் விட்டு, வீட்டை விற்றும் கடன் தீராவிட்டால், துண்டு விழும் பணம் வங்கிக்குப் போகும். அப்படிக் கொடுத்த காப்புறுதி நிறுவனம் பிறகு அந்தப் பணத்துக்காக நம்மைத் தேடி வரலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அரசின் வீடமைப்பு நிறுவனமான சீ.எம்.எச்.சி. 1954 முதல் இந்தக் காப்புறுதியைத் தருகிறது. சேஜன், கனடா கரண்டி என்ற தனியார் நிறுவனங்களும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். 5 இலட்சம் டொலர் வீடு, 5 வீத முற்பணம் 25,000. மிச்சக் கடன் 4,75,000. அதற்கு 4 வீதம் காப்புறுதிக் கட்டணம், 19,000 டொலர். அதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள், வட்டியும் சேர்ந்தே ஓடும். ஒன்ராறியோவில் அந்த 19,000க்கு 8 வீத விற்பனை வரி, 1,520 டொலர். இதைக் கடனில் சேர்க்க முடியாது, வீடு கைமாறும் நாளில் காசாக வைக்க வேண்டும். சட்டத்தரணியின் கணக்குச் சீட்டைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவது இங்கேதான். 10 வீதம் முற்பணம் போட முடிந்தால் கட்டணம் 3.10 வீதம், 13,950 டொலராகக் குறையும்.

அமெரிக்காவில் உள்ள உறவினர், கடன் குறைந்ததும் இதை நிறுத்திவிட்டேன் என்பார். அங்கே தனியார் காப்புறுதிக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியைத் தருகிறது. இங்கே ஒரே தடவைக் கட்டணம், நிறுத்த ஒன்றுமில்லை.

இந்தக் கட்டணத்தைப் பகற்கொள்ளை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 20 வீதம் சேரும்வரை வாடகை கட்டிக்கொண்டிருந்தால், வீட்டு விலை நமக்காகக் காத்திருக்குமா? வங்கிக்கு ஆபத்துக் குறைவு என்பதால் இத்தகைய கடனுக்கு வட்டியும் பெரும்பாலும் சற்றுக் குறைவு.

பிள்ளைகளுக்கு வீடு நிற்க வேண்டுமென்றால் ஆயுள் காப்புறுதி வேண்டும். வங்கியும் ஒன்றை நீட்டும், அதை எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. கடன் குறையக் குறைய அதன் தொகையும் குறையும், மாதக் கட்டணம் பெரும்பாலும் குறையாது, பணமும் வங்கிக்கே போகும். வெளியே தனியாக எடுத்தால் பணம் குடும்பத்தின் கைக்கு வரும், வங்கி மாறினாலும் காப்புறுதி தொடரும். இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். வங்கிப் படிவத்தில் உடல்நலக் கேள்விகளுக்கு 'இல்லை, இல்லை' என்று மளமளவென்று அடையாளமிட்டுவிடாதீர்கள். பல திட்டங்களில் அந்தப் பதில்களைத் துருவிப் பார்ப்பதே ஆள் இறந்த பிறகுதான்.

அன்புடன்,
ஆசிரியர்