வீட்டுக் கணக்கு வீட்டாருக்குத் தெரியட்டும்!

செங்கல்பட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவன் காலையில் மின்சார ரெயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறார். இரவு வீடு திரும்புகிறார். கெட்டிக்காரர். ஒரு காசை வீணாக்க மாட்டார். வரவு, செலவு, பாங்கிச் சேமிப்பு, மியூச்சுவல் பண்டு, ஆயுள் இன்சூரன்சு எல்லாக் கணக்கையும் செல்போனில் வைத்திருக்கிறார்.

ஒரு நாள் அவர் திடீரென்று மயங்கி விழுகிறார். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பணம் கட்ட வேண்டும். மனைவியின் கையில் அவருடைய செல்போன் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க முடியவில்லை. எந்தப் பாங்கியில் பணம் இருக்கிறது? தெரியாது. மருத்துவ இன்சூரன்சு உண்டா? தெரியாது. யாருக்காவது கடன் கொடுத்திருக்கிறாரா? அதுவும் தெரியாது.

கணக்கு இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை!

இது நாம் கற்பனை செய்த குடும்பம். ஆனால் இதைப் போன்ற குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம்.

78,213 கோடி ரூபாய்

பாங்கியில் போட்ட பணத்தை 10 ஆண்டுகள் யாரும் தொடவில்லை என்றால், பாங்கி அதை ரிசர்வ் பாங்கியின் தனி நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். இந்த ஏற்பாடு 2014-ல் வந்தது. 2024 மார்ச் முடிவில் அந்த நிதியில் இருந்த தொகை எவ்வளவு தெரியுமா? 78,213 கோடி ரூபாய்!

இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஊர் மாறியவர்கள் பழைய கணக்கை மறந்திருப்பார்கள். சிறு தொகைதானே என்று விட்டிருப்பார்கள். பணம் போட்டவர் இறந்திருப்பார். அப்படி ஒரு கணக்கு இருப்பதே வாரிசுகளுக்குத் தெரிந்திராது.

அந்தப் பணம் அழிந்து போய்விடவில்லை. உரியவரோ, வாரிசோ பாங்கியில் கேட்டு வாங்கலாம். பெயரைப் போட்டுத் தேடுவதற்கு 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் பாங்கி 2023-ல் திறந்தது. ஆனால், தேடும் நிலைமை ஏன் வர வேண்டும்? அதுதான் நம் கேள்வி.

இப்பொழுது வீட்டுக் கணக்கு எழுதுவதற்குச் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன. 'ஆப்' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தமிழில் 'செயலி' என்கிறோம். செலவை எழுதினால் கூட்டிச் சொல்லும். பங்குகளின் இன்றைய விலையைக் காட்டும். கடன் தவணை நாளை நினைவுபடுத்தும். நல்ல கருவிதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் குழப்பம்.

படம் அழகாக இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அவற்றைச் சொல்லும் முன்பு, நம் மண்ணின் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம்.

கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை

உத்திரமேரூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். இப்பொழுது காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதில் ஒரு விதி உண்டு. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்துக்கு வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! கணக்கு எழுதுகிறவரும் தம் கணக்கைப் பெரியோரிடம் காட்டி, நேர்மையானவர் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம்.

கணக்கு எழுதினால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும் என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் சட்டம் செய்தார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். 1763-ல் செங்கல்பட்டுச் சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற என்ஜினீயர் இங்கே சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதற்கு உதவியது ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைச் சுவடிகள். எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் அவற்றில் இருந்தன. அந்த ஓலைகளில் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன. அறிஞர்கள் படித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

எழுதியவர் போய் 250 ஆண்டுகள் ஆகின்றன. மற்றவர் படிக்க முடிகிறது. அதுதான் கணக்கு! இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு செல்போன் செயலிக்கு வருவோம்.

முதல் கேள்வி: கணக்கை வெளியே எடுக்க முடியுமா?

அமெரிக்காவில் 'மிண்ட்' என்று ஒரு கணக்குச் செயலி இருந்தது. 2007-ல் வந்தது. இலவசம். ஏராளமான குடும்பங்கள் அதில் கணக்கு வைத்திருந்தன. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பு 'மைக்ரோசாப்ட் மணி' என்று ஒன்று இருந்தது. பெரிய கம்பெனியின் சரக்கு. 2009-ல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள்.

பெரிய கம்பெனிகளே கடையைக் கட்டும்போது மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கடையை மூடுவது அவர்கள் இஷ்டம். ஆனால் கணக்கு நம்முடையது.

ஆகவே, எழுதிய கணக்கு முழுவதையும் 'எக்செல்' போன்ற சாதாரணப் பட்டியலாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வழி இல்லாவிட்டால் அந்தச் செயலி வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: பார்க்க மட்டும் கேட்கிறதா? பணத்தைத் தொடக் கேட்கிறதா?

கணக்கு எழுதும் செயலிக்கு உங்கள் பாங்கியின் ரகசியச் சொல் எதற்கு? ஓ.டி.பி. எதற்கு? அதைக் கேட்டால் உடனே விலகுங்கள். நெருங்கிய நண்பர் சொன்னது என்றாலும் விலகுங்கள்.

பாங்கிக் கணக்கைச் செயலியில் காட்டுவதற்கு முறையான வழி இருக்கிறது. அதற்கு 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' ஏற்பாடு என்று பெயர். ரிசர்வ் பாங்கி 2016-ல் விதி செய்தது. 2021-ல் நடைமுறைக்கு வந்தது. ரிசர்வ் பாங்கியின் உரிமம் பெற்ற நிறுவனம் உங்கள் சம்மதத்தின் பேரில் விவரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போகிறது. அது தபால்காரர் மாதிரி. மூடிய உறையைக் கொண்டு போய்க் கொடுப்பார். பிரித்துப் படிக்க மாட்டார். எந்தக் கணக்கு, எதற்காக, எத்தனை நாள் என்று கேட்டுத்தான் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதத்தை நீங்கள் பிறகு ரத்தும் செய்யலாம்.

இலவசச் செயலி என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் காசு கொடுக்கவில்லை. அப்படியானால் அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? பல செயலிகள் கடன், கிரெடிட் கார்டு, இன்சூரன்சு ஆகியவற்றைச் சிபாரிசு செய்து கமிஷன் வாங்குகின்றன. செலவைக் குறைக்க வந்த செயலியே கடன் வாங்கச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மூன்றாம் கேள்வி: நம் பிழைப்புக்குப் பொருந்துமா?

மறைமலைநகர் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம். பாங்கிக்கு வருகிறது. பாங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.சைப் படித்துத் தானே கணக்கு எழுதும் செயலி அவருக்குச் சரிப்படும்.

மாமல்லபுரத்துச் சிற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வரும்போது அச்சாரம் வாங்குகிறார். சிலை முடிய மாதங்கள் ஆகும். சிலை போன பிறகு மீதி வரும். நடுவில் கல், உளி, கூலி என்று செலவு. அவருக்கு மாதக் கணக்கு உதவாது. வேலைக்கு வேலை கணக்கு வேண்டும்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையோர மீனவர்களுக்கோ தினசரி கணக்கு. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு பிரிக்கிறார்கள். பெரும்பாலும் ரொக்கம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் வலை இறங்காது, வருமானம் இல்லை. ரொக்கம் எஸ்.எம்.எஸ்.சில் வராது. வீட்டுப் பெண்கள் கட்டும் சீட்டும், அடகில் இருக்கும் நகையும் எந்தச் செயலிக்கும் தானாகத் தெரியாது. கையால் எழுத இடம் கொடுக்கும் செயலியே இவர்களுக்கு ஏற்றது.

பங்கு, மியூச்சுவல் பண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிமேட் கணக்கு உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் காட்டும் 'ஒருங்கிணைந்த அறிக்கை' இ-மெயிலில் வருகிறது. வாங்கல், விற்றல் நடந்தால் மாதந்தோறும் வரும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். இதற்குக் கட்டணம் இல்லை. பலர் இதைத் திறந்து பார்ப்பதே கிடையாது! செயலி காட்டும் தொகையை இந்த அறிக்கையோடு ஒத்துப் பாருங்கள். இன்றைய விலை கூடினால் லாபம் கைக்கு வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். விற்றால்தான் லாபம்.

நான்காம் கேள்வி: வீட்டில் இன்னொருவர் படிக்க முடியுமா?

நான்கிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

உங்கள் மனைவிக்கு, அல்லது கணவருக்கு, அல்லது வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் செயலியைக் காட்டுங்கள். "நம் வீட்டுப் பணம் எங்கெங்கே இருக்கிறது, சொல்" என்று கேளுங்கள். கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டால் அது நல்ல செயலி. சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் உங்கள் வீட்டுக்கு உதவாது. மற்றவர்கள் தமிழ் மட்டும் படிப்பவர்கள் என்றால் கணக்கின் தலைப்புகளையாவது தமிழில் எழுதி வையுங்கள்.

"எல்லா ரகசியமும் வெளியே போய்விடுமே" என்று சிலர் பயப்படுவார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்வது வேறு. சாவியைக் கொடுப்பது வேறு. எந்தப் பாங்கி, எந்தக் கிளை, எந்த இன்சூரன்சு, எவ்வளவு கடன் என்று சொல்லுங்கள். ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. தாளில் எழுதவும் வேண்டாம்.

ஒவ்வொரு கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். அம்மா காலமாகி ஆண்டுகள் ஆகியிருக்கும். பாங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று 2025 நவம்பர் முதல் விதி வந்திருக்கிறது.

நோட்டுப் புத்தகம் போதாதா?

"இத்தனை தொல்லை எதற்கு? 40 பக்க நோட்டு போதுமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. தினமும் எழுதுகிறவர்களுக்கு நோட்டு நல்ல கருவிதான். அதை யாரும் கேலி செய்யக் கூடாது. செயலி வாங்கி எழுதாமல் விடுவதைவிட, நோட்டு வாங்கி எழுதுவது மேல்.

ஆனால் 2004 டிசம்பர் 26-ந் தேதியை இந்தக் கடற்கரை மறக்காது. சுனாமி அலை குடிசைகளைக் கொண்டு போனபோது, பெட்டியில் இருந்த காகிதங்களையும் கொண்டு போனது. காகிதம் நனையும். செல்போன் உடையும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வதே புத்தி. செயலியில் கணக்கு எழுதுங்கள். சாரத்தைத் தாளிலும் எழுதி வையுங்கள். நோட்டில் எழுதுகிறவர்கள் பக்கங்களைப் படம் பிடித்து வேறொரு போனிலும் வையுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். ஒரே ஒரு தாள் எடுங்கள். பாங்கி, தபால் ஆபீஸ், இன்சூரன்சு, பி.எப்., சீட்டு, நகை, கொடுத்த கடன், வாங்கிய கடன் என்று எட்டு வரி எழுதுங்கள். எது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். எல்லோரும் ஒரு முறை படியுங்கள். செயலியைத் தேர்ந்தெடுப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் பதவிக்கு லாயக்கில்லை என்று உத்திரமேரூர்க் கல் சொல்கிறது. வீட்டுப் பணத்துக்கு வீட்டாரிடம் கணக்குக் காட்டுவதில் நமக்கு என்ன தயக்கம்?