ஜெயித்தவரிடம் முதலில் கேளுங்கள்

கால்பந்துப் போட்டியில் சர்ச்சை கிளம்பினால் நிருபர்கள் ஓடுவது பயிற்சியாளரிடம்தான். அவருடைய பதிலோ பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். தீர்ப்பு சாதகமென்றால், "நான் சரியாகக் கவனிக்கவில்லை". பாதகமென்றால், "நடுவர் எங்களைக் கெடுத்துவிட்டார்". விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, "கண்ட்ரோலிலிருந்து தகவல் வரவில்லை" என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு முதல் பதில் நன்றாகவே புரியும்!

நமது கண்டீரவா மைதானத்தில் 2023 மார்ச் 3-ம் தேதி நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூர் அணியும் கேரளா பிளாஸ்டர்சும் மோதிய ஐ.எஸ்.எல். பிளே-ஆப் ஆட்டம். கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி பிரீ கிக்கை அடித்து கோலாக்கினார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டே அடித்ததாக அவர் விளக்கினார். விதியில் அதற்கு இடமுண்டு. கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அதை ஏற்கவில்லை. அணியையே வெளியே அழைத்துப் போய்விட்டார். விளைவு? கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம்; அவருக்கு 10 ஆட்டத் தடை. பிறகு மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று.

பெங்களூர் பக்கம் அன்று விதியைப் பேசியது. பதினைந்தே நாளில், மார்ச் 18-ம் தேதி, இறுதி ஆட்டத்தில் மோகன் பகானிடம் பெனால்டியில் தோற்றதும் வீடியோ நடுவர் முறை வேண்டுமென்று கோரியவர் நமது கிளப்பின் உரிமையாளர்! கோரிக்கை நியாயமானதே. ஆனால் அது ஜெயித்த அன்றே எழுந்திருந்தால் மதிப்பு இன்னும் கூடியிருக்கும்.

ஜெயித்தவர் விட்டுக்கொடுத்ததும் உண்டு. 1999 பிப்ரவரி 13-ல், காயம்பட்டவருக்காக ஷெபீல்டு யுனைடெட் அணி வெளியே தட்டிய பந்தைத் திருப்பித் தராமல் அர்செனல் கோல் போட்டு ஜெயித்தது. பயிற்சியாளர் ஆர்சீன் வெங்கர் தாமே முன்வந்து, மறுபடி ஆடலாம் என்றார். பத்து நாளில் மறுபடி ஆடினார்கள். அதே 2-1 கணக்கில் அர்செனலே ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், "நான் பார்க்கவில்லை" என்ற பதிலுக்குப் பேர்போனவரும் இதே வெங்கர்தான்.

எனவே நிருபர் நண்பர்களே, தோற்றவரை விட்டுவிட்டு ஜெயித்தவரிடம் முதலில் கேளுங்கள்: "இதே கோல் உங்கள் வலையில் விழுந்திருந்தால்?" ஆஸ்டின் டவுனிலும் கவுதமபுரத்திலும் நம் பிள்ளைகள் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதுகிறவருக்கு வீடியோவும் கிடையாது, போலீஸ் காவலும் கிடையாது.