கணினிக்கூடமும் அதற்கேற்ற மென்பொருளும்

கல்லூரியன்னையின் விழாக்காலத்திலே பழைய மாணவர் ஒன்றுகூடி, அன்னைக்கு யாது செய்வோம் என ஆராய்தல் மரபு. முன்னாளில் மண்டபமும் நூலகமும் விளையாட்டிடமும் பேசப்பட்டன. இந்நாளிற் கணினிக்கூடம் பேசப்படுகின்றது. கணினிகளை வாங்கிக் கொடுத்தவுடன் கடமை முடிந்ததெனக் கருதுவோர் பலர். அவற்றிற் கடிதம் எழுதவும், கணக்கிடவும், படக்காட்சி அமைக்கவும் வேண்டிய அலுவலக மென்பொருள் எங்கிருந்து வரும் என வினவுவோர் சிலரே. அவ்வினாவைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

வழிகள் இரண்டெனச் சொல்லப்படும். மைக்ரோசொப்ட் ஒபிஸ் போன்றதனை விலைகொடுத்துப் பெறுதல் ஒன்று. லிப்ரே ஒபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை விலையின்றிப் பெறுதல் மற்றையது. ஆயின், எவரும் வாய்விட்டுக் கூறாத மூன்றாவது வழியொன்றும் உண்டு. உரிமமின்றிப் படியெடுத்த மென்பொருளைக் கணினியில் ஏற்றிவிடுதலே அது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க. காலைப் பிரார்த்தனையின் பின் களவு தீதெனக் கற்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையிற் களவாடிய கருவியை மாணவன் கையிற் கொடுத்தல் எவ்வாறு பொருந்தும்? இவ்வழியை முதலில் அடைத்துவிடுதல் வேண்டும்.

எஞ்சிய இரண்டினுள், விலையுள்ளதன் சிறப்பை மறைத்தல் நேர்மையன்று. அலுவலகங்களிற் பெரிதும் வழங்குவது அதுவே. எக்செலில் அமைத்த மக்ரோக்கள் சில லிப்ரே ஒபிஸில் இயங்கா. வேட்டில் எழுதிய ஆவணத்தை அதிலே திறக்கும்போது அட்டவணைகள் இடம்பெயர்தலும் உண்டு. கல்வி நிலையங்களுக்கென மைக்ரோசொப்ட் இணையவழிப் பதிப்பொன்றை விலையின்றியும் வழங்குகின்றது. எனினும், அதற்கு இணையத்தொடர்பு வேண்டும். நிபந்தனைகளை மாற்றும் உரிமையும் வழங்குபவரிடமே இருக்கும். சந்தாவாகப் பெறும் பதிப்போ, சந்தா தவறியபின் ஆவணத்தைப் படிக்கவிடுமேயன்றித் திருத்தவிடாது. நன்கொடை ஒருமுறை வரும். சந்தா ஆண்டுதோறும் வரும். இதனை எம் சங்கத்தார் சிந்தித்தல் நன்று.

கட்டற்ற மென்பொருளின் பெருமை விலையின்மை மட்டுமன்று. ஜேர்மனியிலே ஸ்டார் ஒபிஸ் எனத் தோன்றிய மென்பொருள் 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 2000இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டு, ஓப்பின் ஒபிஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனத்தை ஒரக்கிள் வாங்கியது. அவ்வாண்டே அம்மென்பொருளை வளர்த்தோரிற் பலர் தனித்து நின்று லிப்ரே ஒபிஸைத் தொடங்கினர். உடைமையாளர் மாறியும் அவர்தம் உழைப்பு வீணாகாமைக்குக் காரணம், மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை இருந்தமையே. அதன் திறந்த ஆவண வடிவமும் 2006இல் சர்வதேச நியமமாயிற்று.

ஆவணத்தின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பது எம்மவர்க்குப் புதிய வினாவன்று. பாமினி எழுத்துருவில் அமைத்த பழைய அறிக்கையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டு திகைத்தவர் எம்மிற் பலர். ஒருங்குறி பரவியபின்னரே அவ்விடர் நீங்கிற்று. எழுதியது ஒரு தனிக்கருவியின் தயவிலே தங்கலாகாது என்பதே நாம் அன்று பெற்ற பாடம்.

எனினும், விலையின்றி வருவது உழைப்பின்றிப் பயன்தராது. ஜேர்மனியின் மியூனிச் நகரசபை 2003இல் கட்டற்ற மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அந்நாட்டின் சிலேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024இல், ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அறிஞர் வாழும் நாட்டிலேயே இது எளிதிற் தீராத வழக்காயின், எமக்கு முன்னேற்பாடு மிகவேண்டும். மென்பொருள் இலவசமாக வரலாம். பயிற்சி இலவசமாக வாராது.

ஆதலின் எமது கருத்து இதுவாகும். மாணவர் பயிலும் கூடத்திற் கட்டற்ற மென்பொருளே இருத்தல் வேண்டும். வெளியாரோடு கோப்புகள் பரிமாறும் அலுவலகத்தில் ஒன்றிரண்டு கணினிகளுக்கு மட்டும் உரிய விலைகொடுத்து உரிமம் பெறலாம். மிஞ்சும் பணத்தை ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிடுக. எப்பொத்தானை அழுத்துவது என்பதைக் காட்டிலும், கணக்கை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, கடிதத்தை எவ்வாறு அமைப்பது என்பதைக் கற்பிக்குக. அதனைக் கற்றவன் எந்த அலுவலகத்திற் புகினும் எந்த மென்பொருளையும் விரைவிற் கைக்கொள்வான்.

1945இல் வந்த இலவசக் கல்வியினால் உயர்ந்தவர் எம்மிற் பலர். கூடத்திற் கற்ற கருவியை வீட்டிலுள்ள பழைய கணினியிலும் அச்சமின்றி ஏற்றிக்கொள்ளவும், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் நாணமின்றிப் படியெடுத்துக் கொடுக்கவும் எம் மாணவனால் இயலுமாயின், அது அவ்வுயர்வுக்கு நாம் செய்யும் கைம்மாறாகும். அன்னையின் பெயர் பொறித்த கணினியிற் களவு ஒட்டாதிருப்பதாக.