குட்டி மேல தப்பில்ல, டைல்ஸ் தரை மேலதான்

"சொன்னாலும் கேக்க மாட்டேங்குது, அடிச்சாலும் திருந்த மாட்டேங்குது, சோபாவுலயே மூத்திரம் போயிடுது." சென்னையில இருந்து வர்ற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாரும் வீட்டுப் பூனைக்குட்டிய பத்தி இதைத்தான் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பூனைக்குட்டிக்கு எங்க போகணும்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அது பாதி தெரிஞ்சுக்கிட்டுதான் பொறக்குது. அதுக்கு வேண்டியது கொஞ்சம் பொலபொலன்னு மண்ணு. அந்த மண்ண எடுத்துட்டு டைல்ஸ் போட்டது நாம. அப்புறம் குட்டியப் போட்டு அடிச்சா அது எந்த ஊரு நியாயம்?

திண்டிவனம் பக்கம் கொல்லையில மல்லாட்டை போடுறவங்க யார வேணா கேட்டுப் பாருங்க. மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலைதான். வேர்க்கடலை ரகங்கள்ல டி.எம்.வி.ன்னு பேரு இருக்குமே, அது திண்டிவனத்தோட பேருதான், இங்க இருக்கிற ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம். அப்படி ஏர் ஓட்டி விதை போட்ட மறுநாள் காலையில போய்ப் பாத்தா, சால்ல அங்கங்க சின்னச் சின்னக் குழி. பூனை வந்து தோண்டி, இருந்துட்டு, மூடிட்டுப் போயிருக்கும். ரெண்டு விதையும் மேல வந்து கிடக்கும். கெட்டித் தரையும் சிமெண்ட் களமும் பக்கத்துலயே இருந்தாலும் அதுங்க புதுசா கொத்தின மண்ணத்தான் தேடி வரும். நாங்க பூனைய விரட்டிட்டு முள்ளு வெட்டிப் போடுவோமே தவிர, "ஏன் தோண்டுற"ன்னு கேக்க மாட்டோம். அதோட சுபாவம் அது.

அந்த சுபாவம் எங்க இருந்து வந்துச்சு? வீட்டுப் பூனைக்கு மூதாதை, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பக்கம் வறண்ட நிலத்துல திரிஞ்ச காட்டுப்பூனை. மனுசன் தானியம் விளைச்சு சேத்து வைக்க ஆரம்பிச்சதும் எலி வந்துச்சு, எலி பின்னாடி பூனை வந்துச்சு. சைப்ரஸ் தீவுல சுமார் 9500 வருசத்துக்கு முந்தின குழி ஒண்ணுல மனுசனோட பக்கத்துலயே ஒரு பூனையும் புதைச்சிருந்தத 2004ல உலகத்துக்குச் சொன்னாங்க. ஆக, மனுசனும் பூனையும் சேந்தது எங்க தொழிலாலதான். தோண்டி மூடுற பழக்கம் அதுக்கும் முந்தினது. ஆயிரமாயிரம் வருசமா கூட வந்த பழக்கத்த உங்க ரெண்டு அடி அடிச்சு மாத்த முடியுமா?

அடுத்தது வயசு. பொறந்து மூணு வாரம் வரைக்கும் குட்டியால தானா ஒண்ணுக்குக் கூட போக முடியாது. தாய்ப்பூனை வயித்தடியில நக்கி விட்டாத்தான் போகும். நாலாவது வாரத்துலதான் தானா போயி, மண்ணக் கிளறிப் பழகும். தாய் பண்றதப் பக்கத்துல இருந்து பாக்கும். எட்டு வாரமாவது தாயோட இருந்தாத்தான் குட்டிக்கு நல்லது. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? உள்ளங்கைக்குள்ள அடங்குதே, அழகா இருக்கேன்னு முப்பது நாள் குட்டியத் தூக்கிட்டு வந்துடறாங்க. பால்குடி மறக்காத புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு, படுக்கைய நனைக்குதேன்னு திட்டுற கதைதான்.

சரி, என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. என் பொண்ணு தாம்பரத்துல மூணாவது மாடியில இருக்கா. அவ வீட்டுக்குக் குட்டி வந்தப்ப நான் சொல்லி அனுப்புனது இவ்வளவுதான்.

உயரம் கம்மியான அகலத் தட்டு ஒண்ணு. குட்டி காலத் தூக்கி வெச்சு சுலபமா ஏறணும், அன்னக்கூடை ஆகாது. ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு சலிச்சு வெயில்ல காய வெச்ச மணல். சோறு வைக்கிற எடத்துக்கு எட்ட, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. வாஷிங் மெஷின் பக்கத்துல வேண்டாம், அந்த சத்தத்துல ஒரு தடவ பயந்தா மறுபடி அங்க போகாது. முதல் நாலு நாள் வீடு முழுக்க விடாம ஒரே ரூம்ல வைங்க. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் தூக்கிட்டுப் போய்த் தட்டுல விடுங்க. முன்னங்காலப் புடிச்சு நீங்க தோண்டிக் காட்டாதீங்க, பயந்துடும். வேற எடத்துல போயிட்டா, அதத் துணியில துடைச்சு அந்த வாசனையத் தட்டு மணல்ல கொஞ்சம் வைங்க. தினம் ரெண்டு வேளை அள்ளிப் போடுங்க. நாறுற கக்கூஸுக்கு நீங்க போவீங்களா? ஒரு பூனைக்கு ரெண்டு தட்டு, ரெண்டு பூனைக்கு மூணு தட்டுன்னு வெச்சா தகராறே இல்ல. பொண்ணு வீட்டுக் குட்டி நாலாம் நாளே தானா போச்சு.

கடையில விக்கிற பூனை மண்ணு இல்லாம முடியாதுன்னு நெனைக்காதீங்க. விழுப்புரத்துலயே இப்ப அந்த பாக்கெட் கிடைக்குது. அதுவும் மண்ணுதான். 1947ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல எட் லோன்னு ஒருத்தர்கிட்ட பக்கத்து வீட்டம்மா பூனைக்கு மணல் கேட்டு வந்தாங்க. சாம்பல் போட்டா வீடெல்லாம் காலடித் தடம்னு அந்தம்மாவுக்குச் சங்கடம். அவர் களிமண் குருணை ஒரு பை குடுத்தார். அதுதான் இன்னிக்கு உலகம் பூரா வியாபாரம். இப்ப வர்ற, நனைஞ்சா கட்டியாகுற வகை பென்டோனைட் களிமண்ணு. நம்ம நாட்டுல கட்ச் பக்கம் அந்த மண்ணு நெறைய தோண்டுறாங்க. வளந்த பூனைக்கு அது சௌகரியம்தான். ஆனா சின்னக் குட்டி கண்டதையும் வாயில வெச்சுப் பாக்கும். வயித்துக்குள்ள போயும் அந்த மண்ணு கட்டியாகும். மூணு நாலு மாசம் ஆகுற வரைக்கும் சாதா மணலே போதும்.

செய்யக் கூடாததும் இருக்கு. போன எடத்துல மூக்கத் தேய்க்கிறது. அதுல குட்டி என்ன கத்துக்கும்? "இவங்க கண்ணு முன்னாடி போகக் கூடாது"ன்னு கத்துக்கும். அப்புறம் பீரோ பின்னாடி, கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு போகும். இன்னொண்ணு, வாசனை போகட்டும்னு பினாயில் ஊத்திக் கழுவறது. பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு விசம். அதோட ஈரல் அந்த மருந்த முறிக்காது. கால்ல பட்டத நக்குச்சுன்னா உயிருக்கே ஆபத்து. சோப்புத்தண்ணி போதும். ஒழுங்கா போயிட்டிருந்த கடுவன் பூனை திடீர்னு தட்டுல உக்காந்து முக்கி முக்கி, சொட்டு மூத்திரம் வரலேன்னா, அது கொழுப்பு இல்ல, மூத்திரம் அடைச்சிருக்கு. அன்னிக்கே கால்நடை டாக்டர்கிட்ட ஓடணும். ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளுனா செத்துடும்.

இவ்வளவு நீட்டி ஏன் எழுதறேன்னா, காரணம் இருக்கு. போன ஆடியில எங்க ஏரிக்கரை ரோட்டுல ஒரு அட்டைப்பெட்டி. சென்னையில இருந்து ஜிஎஸ்டி ரோட்டுல திண்டிவனம் வரைக்கும் வந்து, உள்ள திரும்பி, வெச்சுட்டுப் போயிருக்காங்க. உள்ள மூணு குட்டி, கழுத்துல ரிப்பன், கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட். ராத்திரி நாய்ங்க வந்துடுச்சு. காலையில ஒண்ணுதான் மிச்சம். "கிராமத்துல விட்டா எலி புடிச்சுப் பொழச்சுக்கும்"னு உங்க ஆளுங்க சொல்ற கதைக்கு அர்த்தம் இதுதான். எலி புடிக்கிறது தாய்ப்பூனை சொல்லிக் குடுக்கிற தொழில். பாக்கெட் தீனி தின்னு சோபாவுல தூங்குன குட்டி எலியப் பாத்தா விளையாடப் போகும்.

பசியிலயும் தாகத்துலயும் தவிக்கிற மாதிரி ஒரு பிராணியக் கைவிடுறது 1960ம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல பதினோராம் பிரிவுப்படி குத்தம். முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயில இருந்து அம்பது ரூபா. ஒரு பாக்கெட் பூனை மண்ண விட அது மலிவு. சட்டம் இப்படி இருந்தா, மனசாட்சிதான் மிச்ச அபராதத்தப் போடணும்.

எங்க ஊர்க்காரங்க யோக்கியம்னு நான் சொல்ல வரல. சாக்குல கட்டிக்கினு போய் சந்தைப் பக்கம் விடுறவன் இங்கயும் இருக்கான். அவனையும் இதே கேள்விதான் கேக்கறேன். குட்டி வேண்டாம்னா தாய்க்குக் கருத்தடை ஆபரேசன் பண்ணு, குட்டி போட்டப்புறம் தூக்கி எறியாத.

"மருமக முழுகாம இருக்கா, பூனை ஆகாதாம்"னு கொண்டாந்து விடுறவங்களும் உண்டு. பூனைப் பீயில ஒரு கிருமி இருக்கலாம், அது கர்ப்பிணிக்கு ஆகாதுங்கிறது நெசம். ஆனா அது தொத்துற பக்குவத்துக்கு வர குறைஞ்சது ஒரு நாளாவது ஆகும். தினம் தட்டச் சுத்தம் பண்ணுனா தீந்துச்சு, அதையும் மருமக பண்ணாம மகன் பண்ணட்டும். அவன் கை என்ன, தேஞ்சா போகும்? அவ கறிய நல்லா வேக வெச்சு சாப்பிடட்டும், டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கட்டும். பூனைய ஊர் எல்லையில விடச் சொல்ற டாக்டர் யாரும் இல்ல.

குட்டி வாங்கப் போறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. முதல்ல மணல் தட்ட வாங்கி மூலையில வைங்க. ஒரு வாரம் அது அங்க இருக்கட்டும். அது உங்க கண்ண உறுத்துச்சுன்னா, வீட்டுக்கு அசிங்கமா இருக்குன்னு தோணுச்சுன்னா, குட்டி வேண்டாம். ரெண்டடி மண்ணுக்கு எடமில்லாத வீட்டுல பூனைக்கும் எடமில்ல.